கிளி எடுக்கும் சீட்டும் டாரோ அட்டையும்

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலை வட்டாரத்தில் பல்லாண்டுகளாகத் தமிழர் கண்டுவந்த கிளி சோதிடமே, மேலைநாட்டு டாரோ அட்டைகளில் உள்ள குறியீடுகளை விளங்கிக்கொள்ள விரும்புவோருக்கு மிக அணுக்கமான வாசலாகும்.

கிளி சோதிடத்தில் அட்டைகள் பெரும்பாலும் நட்சத்திரக் கணக்கையொட்டி 27 இருக்கும்; அவற்றில் இந்துத் தெய்வங்களின் படங்களோடு புத்தர், ஏசு, மாதா படங்களும் இடம்பெறுவதுண்டு. கூண்டைவிட்டு வெளியே வரும் கிளி ஒரு சீட்டை அலகால் உருவிக் கொடுக்க, சோதிடர் அதிலுள்ள தெய்வத்தைக் கொண்டு கேட்டவருக்குப் பலன் சொல்கிறார். தேக்காவின் மணி என்னும் கிளி, 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின் காலிறுதி ஆட்டங்களைச் சரியாகக் கணித்து உலகச் செய்திகளில் இடம்பிடித்தது; இறுதியாட்டத்தில் அது நெதர்லாந்தைத் தேர்ந்தெடுக்க, ஸ்பெயின் வென்றது. எந்தச் சீட்டு வரும் என்பது தற்செயல்தான் என்றாலும், வந்த படத்தைப் படிப்பது தற்செயலன்று. அது ஒரு பண்பாடு தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த அறிவு.

டாரோவும் அத்தகையதே. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகத் தோன்றிய இக்கட்டில் 78 அட்டைகள் உள்ளன. அவற்றுள் 22 பெரிய அட்டைகள் மரணம், கோபுரம், நட்சத்திரம் போன்ற தனிப் பெயர்களைத் தாங்கியவை. எஞ்சிய 56 சிறிய அட்டைகள் கோல், கிண்ணம், வாள், நாணயம் என நான்கு வகையாகப் பிரிந்தவை. இவை எகிப்தியரின் மறைஞானம் என்று பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலென் 1781இல் எழுதியது, எகிப்தியப் பட எழுத்தை எவரும் படித்தறியாத காலத்து ஊகமே ஆயினும், குறிசொல்லும் கருவியாக டாரோ பரவியதற்கு அந்த எழுத்தும் ஒரு காரணமாயிற்று. இன்று உலகெங்கும் மிகுதியாகப் புழங்கும் கட்டு, ஆர்தர் எட்வர்டு வெயிட் வகுத்துத் தர, பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் வரைய, 1909இல் லண்டனில் வெளியானது.

அக்கட்டில் பார்ப்போரை மிகவும் அச்சுறுத்துவது 13ஆம் எண் தாங்கிய மரண அட்டை. கருங்கவசம் பூண்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரைமேல் வர, அரசன் முடி கழன்று வீழ்ந்து கிடக்கிறான். பொன்னாடை அணிந்த குரு கைகூப்பி நிற்கிறார். சிறு குழந்தையோ மண்டியிட்டு, குதிரையை ஏறிட்டுப் பார்க்கிறது. எலும்புக்கூட்டின் கையிலுள்ள கருங்கொடியில் வெண்ரோஜா பூத்திருக்கிறது. தொலைவில் இரு கோபுரங்களுக்கு இடையே கதிரவன் ஒளிர்கிறான். ரோஜாவை வாழ்வின் குறியாகவும் கதிரவனை அழியாமையின் குறியாகவும் வெயிட் விளக்கியிருக்க, எலும்புக்கூட்டை மட்டும் கண்டு சாவு வருகிறது என்று சொல்வது, படத்தில் பாதியை மூடிவைத்துக்கொண்டு சொல்லும் பலனாகும். ஒரு நிலை முடிந்து இன்னொன்று பிறக்கிறது என்பதே இவ்வட்டைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருள்.

தமிழருக்கு இது புதிய பாடமன்று. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் மண்டையோட்டு மாலை அணிந்த காளியையும், பிள்ளையாரும் முருகனும் உடனிருக்கத் தாயாக அமர்ந்த காளியையும் ஒருசேரக் காணலாம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது மக்கள் அடைக்கலம் தேடியது அந்த உக்கிர வடிவினளின் சந்நிதியில்தான். மாலையின் மண்டையோடுகளைப் பகைக்கு எதிரான காவலாகப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு, மரண அட்டையைப் படிப்பதும் கைவரக்கூடியதே. வேறுபாடு ஒன்றுண்டு: கிளிச் சீட்டில் தெய்வத்தின் கதை பக்தருக்கு முன்பே தெரியும், டாரோவில் படிப்பவர் படத்துக்குள்ளிருந்தும் பக்கத்தில் விழுந்த அட்டைகளிலிருந்தும் கதையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மின்னல் தாக்கிச் சிதறும் கோபுரத்தை அடுத்து, நிலத்திலும் குளத்திலும் நீர் வார்க்கும் பெண்ணின் நட்சத்திர அட்டை வந்தால், அழிவு ஆறுதலாகத் திரும்புகிறது. அவ்விரண்டும் கட்டில் 16, 17 என அடுத்தடுத்தே வைக்கப்பட்டுள்ளன.

இவ்வாறு படத்தைப் பார்த்தே பொருள் சொல்வது எளிதானதில் ஸ்மித்தின் பங்கு பெரிது. அதற்குமுன் பெரும்பாலான கட்டுகளில் சிறிய அட்டைகள், ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணங்களை மட்டுமே காட்டின. ஸ்மித்தோ அங்கே கரிய போர்வைக்குள் தலைகுனிந்து நிற்கும் ஒருவரை வரைந்தார். அவர் பார்வை கவிழ்ந்த மூன்று கிண்ணங்கள்மீது இருக்க, முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. ஆற்றின் குறுக்கே பாலமும் அக்கரையில் சிறு கோட்டையும் தெரிகின்றன. இழப்பு, கண்படாமல் எஞ்சியிருப்பது, கடந்துபோக வழி ஆகிய மூன்றையும் எழுத்தில்லாமல் சொல்லும் இப்படத்தை வரைந்தவர், இந்தப் பெரும் பணிக்குக் கிடைத்த ஊதியம் மிகச் சொற்பம் என்று 1909இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பதிப்பாளரான ரைடர், வகுத்துத் தந்த வெயிட் ஆகிய இருவர் பெயராலேயே இக்கட்டு நெடுங்காலம் அழைக்கப்பட்டுவந்தது. ஸ்மித்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் நியாயமான வழக்கம் அண்மைக் காலத்தில்தான் பரவிவருகிறது.