ஏழு பேர்ச்சஸ் காணியில் எத்தனை கோவா?

மண்சரிவு வீட்டை மட்டும் கொண்டுபோவதில்லை. லயத்தின் பின்புறம் ஆண்டுக்கணக்காகச் சாணமும் சாம்பலும் இட்டுப் பண்படுத்திய மரக்கறித் தோட்டத்தையும் கொண்டுபோகிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் இதைக் கண்டோம். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலும் சரிவுக்குப் பயந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. புதிய இடத்தில் நமக்கு மிஞ்சுவது சிறு துண்டு நிலமே. அதை எப்படிப் பயன்படுத்துவது?

கணக்கைப் பார்ப்போம்

ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போனால் மீதி 1,350. பாதை, கழிவறை, வடிகான் என்பவற்றுக்கு அதில் பாதியை விட்டாலும், மூன்றடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட பத்து மேட்டுப் பாத்திகளை இடைவழியுடன் அமைக்கலாம். அகலம் மூன்றடிக்கு மேல் வேண்டாம். இருபக்கமும் நின்று கைக்கு எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும்.

இடைவெளி ஏன்?

நெருக்கி நட்டால் அதிகம் கிடைக்கும் என்று எண்ணுகிறோம். ஆனால் மலைநாட்டுப் பனியில் இலைகள் ஒன்றையொன்று மூடினால் ஈரம் காயாது. அழுகல் நோய் பரவும். கோவாவின் தலை சிறுக்கும். அகல விட்டாலோ வெற்று மண்ணை மழை அடித்துக் கழுவும், களையும் மண்டும். முற்றிய பயிரின் இலை நுனிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருப்பதே சரியான அளவு.

1. கோவா: வரிசைக்கு வரிசை 20 அங்குலம், செடிக்குச் செடி 16 அங்குலம். ஒரு பாத்தியில் இரு வரிசையாகப் பதினான்கு கன்றுகள். ஒரு வரிசைக் கன்று மறு வரிசையின் இடைவெளியைப் பார்த்திருக்கட்டும்.

2. கரட்: பாத்திக்குக் குறுக்காக 10 அங்குலத்துக்கு ஒரு வரிசை. முளைத்தபின் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிட்டால் ஒரு பாத்தியில் இருநூறு கிழங்குகள் வரை எடுக்கலாம். கலைக்க மனம் வராவிட்டால் விரலளவு வேர்தான் மிஞ்சும்.

3. செடிப் போஞ்சி: வரிசைக்கு 16 அங்குலம், செடிக்கு 4 அங்குலம்.

கோவா விரிவதற்கு முன் நடுவில் சலாது நடலாம். கோவாவுக்கு இடம் தேவைப்படும் வேளையில் அதைப் பறித்துவிடலாம். முள்ளங்கியும் நோக்கோலும் கோவாவின் இனமே; அதே நோயைத் தாங்கும். ஆகவே அவற்றை அருகில் வைக்கக்கூடாது. கோவா எடுத்த பாத்தியிலும் அடுத்த போகத்தில் போஞ்சி அல்லது கரட் இடவேண்டும்.

மண்ணும் சரிவும்

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும். கோவாவுக்கு அது ஆகாது. வேர் வீங்கும் நோய் அந்த மண்ணிலேயே வலுக்கிறது. விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு மண்ணைச் சோதித்து, நடுவதற்கு மூன்று வாரம் முன் டொலமைட் இடுவது நல்லது.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக, சமமட்டக் கோட்டில் அமைக்கவேண்டும். மேலிருந்து கீழாக வெட்டினால் முதல் மழையிலேயே மேல்மண் ஆற்றுக்குப் போகும். பாத்திக்காக வீட்டின் பின்புற மண்மேட்டை வெட்டவே கூடாது. வடிகானின் நீர் கீழ்வீட்டுக்காரரின் சுவரை நோக்கிப் போகாமல் பொது வடிகானில் சேரவேண்டும். நிலத்தில் வெடிப்போ திடீர் ஊற்றோ கண்டால் பயிரைப் பாராமல் குடும்பத்தோடு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவிக்கவேண்டும்.

பெரிய காணியில் ஒரு வரிசை பிழைத்தாலும் விளைச்சல் தாங்கும். நம் துண்டு நிலத்துக்கு அந்தத் தாராளம் இல்லை. ஆகவே நடுவதற்கு முன் 16 அங்குலத்தில் ஒரு குச்சியை வெட்டி அடையாளமிட்டு வைத்துக்கொள்வோம். செலவில்லாத அந்தக் குச்சியே நமது முதல் விவசாயக் கருவி.