கிரவுண்டு கிடைக்காமல் முப்பது வருஷம்



ஃபுட்பால் என்றதும் நம் ஹாஸ்டலில் பீலேயா, மாரடோனாவா என்று சண்டை ஆரம்பித்துவிடும். அந்தச் சண்டையில் ஒரு பெண்ணின் பேர் அடிபட்டு நான் கேட்டதே இல்லை. அதனால்தான் லில்லி பார் பற்றி எழுதுகிறேன். இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரில் 1905ல் பிறந்தவர். இடது ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டு.

அவர் ஆடியது ஒரு ஃபேக்டரி டீம். பிரஸ்டன் நகரில் டிராம் வண்டி செய்துகொண்டிருந்த டிக் கெர் கம்பெனி, முதல் உலகப்போரில் குண்டு செய்ய ஆரம்பித்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் பெண்கள். சாப்பாட்டு இடைவேளையில் பந்து உதைத்துப் பழகிய அவர்கள், 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்காக ஒரு மேட்ச் ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர்! (எலக்ட்ரிக்கல் நண்பர்களே, எச்.ஆர்.சி. ஃப்யூஸ் மேல் 'இங்கிலீஷ் எலக்ட்ரிக்' என்று படித்திருப்பீர்களே? போருக்குப் பின் டிக் கெர் போய்ச் சேர்ந்தது அந்தக் கம்பெனியோடுதான்.)

டீமில் சேர்ந்தபோது லில்லிக்கு 15 வயசு இருக்கும். அந்தக் காலத்துப் பந்து தடித்த தோல். மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும். அதை ஓரத்திலிருந்து கோல் முகம் வரைக்கும் தூக்கி அடிப்பார். சம்பளம் கிடையாது. மேட்ச்சுக்கு 10 ஷில்லிங் பேட்டா. அதோடு சிகரெட் பாக்கெட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாராம், சும்மா இல்லை!

1920 டிசம்பர் 26. லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் 53,000 பேர். இடமில்லாமல் வெளியே திரும்பிப் போனவர்கள் இன்னும் பல ஆயிரம். வசூல் 3,000 பவுண்டுக்கு மேல்; அத்தனையும் தர்மத்துக்கு.

அடுத்த வருஷமே, 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தடை போட்டது. எப்படி என்று கவனியுங்கள். "பெண்கள் ஆடக்கூடாது" என்று சட்டம் போட அவர்களுக்கு ஏது அதிகாரம்? ஆனால் கேலரியும் டிக்கெட் கவுண்டரும் உள்ள நல்ல கிரவுண்டு எல்லாம் சங்கத்தில் சேர்ந்த கிளப்புகளின் கையில். பெண்களுக்கு கிரவுண்டு தரக்கூடாது என்று அந்தக் கிளப்புகளுக்கு ஓர் உத்தரவு, அவ்வளவுதான். கூட்டம் நிற்க இடமில்லை என்றால் வசூல் ஏது? வசூல் இல்லாமல் டீம் எத்தனை நாள் ஓடும்?

சொன்ன காரணங்கள் இரண்டு: இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராது, வசூல் பணத்தில் செலவுக்கணக்கு அதிகம். எனக்கென்னவோ அந்த 53,000 பேர்தான் உறுத்தியிருக்கும் என்று தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. 1921ல் சுரங்கங்கள் கதவடைப்பு செய்தபோது, பட்டினி கிடந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் மேட்ச் ஆடி வசூல் செய்தன. முதலாளிகளுக்கு அது பிடித்திருக்குமா?

லில்லி நிறுத்தவில்லை. 1922ல் அமெரிக்கா போய் ஆண்கள் டீம்களோடு மோதினார்கள். ஊர் திரும்பியபின் பார்க்கிலும், சங்கத்துக்குக் கட்டுப்படாத திடல்களிலும் ஆட்டம். வயிற்றுப்பாட்டுக்கு மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. லீவு நாளில் மேட்ச். 1951 வரை, 46 வயசுவரை ஆடினார்!

இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் 2002ல் தன் புகழ் வரிசையில் அவரைச் சேர்த்தது. அதில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 2019ல் சிலையும் வைத்தார்கள். அவர் 1978லேயே காலமாகிவிட்டார். தடையை 1971ல் நீக்கியபோது உயிரோடுதான் இருந்தார். ஆனால் வயசு 66. ஆட்டத்தை விட்டு 20 வருஷம் ஆகியிருந்தது.