குடத்தை எண்ணிப் பாத்தி போடுங்கள்
வறண்ட மாவட்டங்களில் ஆண்டு முழுதும் வீட்டுத் தோட்டம்

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி போன்ற மானாவாரி மாவட்டங்களில் வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படாத குடும்பங்கள் குறைவு. ஆனால், ஆடியில் போட்ட தோட்டம் பங்குனி வரை நிற்பது அரிது. "தண்ணீர் இல்லாத ஊருக்கு இது சரிப்படாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். காய்கறி விலை ஏறும் கோடையில்தான் வீட்டுக் கொல்லை வெறுமையாகக் கிடக்கிறது.

தண்ணீர்ப் பற்றாக்குறை உண்மைதான். அதோடு இரண்டு தவறுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, பட்டம் பார்க்காமல் எல்லா விதைகளையும் ஒரே நாளில் ஊன்றுவது. மற்றொன்று, மழைக்காலத்தில் போட்ட பாத்திகள் அத்தனையையும் கோடையிலும் காப்பாற்ற முயல்வது.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கார்த்திகை முதல் தை வரை, காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் போதும். மழை நாட்களில் அதுவும் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் அதே பாத்தி 6 முதல் 7 லிட்டர் வரை கேட்கும்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் குளித்த நீர், பாத்திரம், அரிசி, காய் கழுவிய நீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 8 குடம் கிடைப்பதாகக் கொள்வோம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 120 லிட்டர். இது தை மாதத்தில் 30 சதுர மீட்டருக்குப் போதும். சித்திரையில் மரங்களுக்கும் பங்கு கொடுத்த பிறகு 10 சதுர மீட்டருக்குத்தான் வரும்.

ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். எனவே மழைக்காலத்தில் ஒரு சென்ட், தையில் முக்கால் சென்ட், சித்திரையில் கால் சென்ட் என்று திட்டமிடுங்கள். தோட்டம் மழையோடு விரிந்து, வெயிலோடு சுருங்க வேண்டும். உங்கள் வீட்டில் கிடைப்பது 4 குடம்தான் என்றால், இந்த அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆடியில் ஆயத்தம், புரட்டாசியில் நடவு

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. ஆனால், இந்த மாவட்டங்களில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஆடியில் வீசுவது வறண்ட மேல்காற்று. அப்போது ஊன்றும் விதைக்குக் குடத்துத் தண்ணீரே கதி. இங்கே மானாவாரி விதைப்பையே புரட்டாசிப் பட்டத்தில்தான் செய்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் அதுவே பொருந்தும்.

ஆடியில் மண்ணைக் கொத்தி ஆறவிடுங்கள். வேலியைச் சரிசெய்து, பந்தலுக்குக் கால் ஊன்றுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வீதம் நன்கு மக்கிய தொழு உரம் சேர்க்க வேண்டும். ஒரு சென்டுக்கு இது 100 கிலோ ஆகும்.

ஆவணி நாற்றங்காலுக்கு உரிய மாதம். மிளகாய் நாற்றுக்கு 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், தக்காளிக்கு 25 நாள் தேவை. எனவே மிளகாயை ஆவணி முதல் வாரத்திலும், கத்தரியை அடுத்த வாரத்திலும், தக்காளியை மூன்றாம் வாரத்திலும் விதைத்தால் புரட்டாசி நடுவில் மூன்றும் சேர்ந்து நடவுக்குத் தயாராகும். நாற்றங்காலுக்கு ஒரு சதுர மீட்டர் இடம் போதும். ஒரு குடத் தண்ணீரில் அதைக் காப்பாற்றிவிடலாம்.

புரட்டாசியில் நாற்று நடுவதோடு அவரை, வெண்டை, கொத்தவரை விதைகளையும் ஊன்றலாம். பீர்க்கன், புடலை, பாகல் ஆகியவற்றைப் பந்தல் ஓரம் இட வேண்டும்.

தக்காளிக்கு இந்தப் பட்டம் மிக முக்கியம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் தக்காளிப் பூக்கள் காய் பிடிக்காமல் உதிரும். தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் இதைத் தடுக்க முடியாது. புரட்டாசியில் நட்ட செடி கார்த்திகை, மார்கழிக் குளிர்ச்சியில் பூத்துக் காய்க்கும். பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பிகேஎம் 1 தக்காளி வறண்ட பகுதிகளுக்கு ஏற்ற ரகம்.

மேட்டுப்பாத்தி, தாழ்பாத்தி

ஐப்பசி மழையில் கரிசல் மண்ணில் நீர் தேங்கி வேர் அழுகுவது வழக்கம். எனவே மழைக்காலத்தில் பாத்தியை அரை அடி உயர்த்த வேண்டும். தை அறுவடை முடிந்ததும் அதே பாத்தியைக் கொத்தித் தாழ்பாத்தியாக்குங்கள். தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் பாத்தியில் ஊற்றும் நீர் வெளியே ஓடாது. காற்றும் மண்ணை எளிதில் உலர்த்தாது.

தை, மாசியில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, தட்டைப்பயறு, கீரை ஆகியவற்றை விதைக்கலாம். நீர் சற்று உப்பாக இருக்கும் ஊர்களில் அவரை, மிளகாயைவிடக் கொத்தவரையும் தட்டைப்பயறும் தாக்குப்பிடிக்கும். வெண்டையில் கோடைக்கால வெள்ளை ஈ மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்பும். தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அகற்றுங்கள்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பப் பயிர்கள். இவை இருந்த பாத்தியில் அடுத்த பட்டத்துக்குக் கீரையோ பயறு வகையோ வர வேண்டும்.

கோடையைத் தாங்கும் கால் சென்ட்

சித்திரையில் புதிய பாத்தி வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை, சுண்டைக்காய், பப்பாளி, கோவைக்காய் ஆகியவைதான் கோடைத் தோட்டத்தின் முதுகெலும்பு. இவற்றைக் கோடையில் நட்டு வளர்க்க முடியாது. முந்தைய ஐப்பசியிலேயே நட்டு, மழையில் வேர்பிடிக்க விட வேண்டும். மரங்களை மேற்குப் பக்கம் வைத்தால் மாலை வெயிலையும் ஆடிக்காற்றையும் தடுக்கும்.

மர நிழலிலோ, 50 சதவீத நிழல்வலையின் கீழோ ஒரே ஒரு கீரைப் பாத்தி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் இடைவெளியில் சிறு சிறு பகுதியாகத் தண்டுக்கீரை, சிறுகீரை விதைத்தால் 25 நாளில் தொடங்கித் தொடர்ந்து பறிக்கலாம்.

கொடிகளுக்கும் இளமரங்களுக்கும் பானைப் பாசனம் ஏற்றது. மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், நீர் மெல்லக் கசிந்து நேராக வேருக்குப் போகும். 5 அல்லது 6 லிட்டர் பானையைச் சுற்றி மூன்று, நான்கு கொடிகளை வளர்க்கலாம். மற்ற செடிகளின் அடியில் காய்ந்த இலை, வைக்கோலை மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கரையான் தொல்லை உள்ள இடத்தில் மூடாக்கு தண்டைத் தொடாமல் இருக்கட்டும்.

கழிவுநீரில் கவனம்

எல்லாக் கழிவுநீரும் ஒன்றல்ல. அரிசி, காய் கழுவிய நீரை நேரடியாகப் பாத்திக்கு விடலாம். குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் ஜல்லி, மணல் நிரப்பிய சிறு குழி வழியாக வடித்து மரங்களுக்கும் கத்தரி, வெண்டை போன்ற செடிகளின் வேர்ப்பகுதிக்கும் விட வேண்டும். கீரை மேலும், பச்சையாகத் தின்னும் வெள்ளரி மேலும் படக்கூடாது. துணி துவைத்த சோப்புத்தூள் நீர் வேண்டாம். அதிலுள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும். எந்தக் கழிவுநீரையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்கக்கூடாது.

பூச்சிகளுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் பெரும்பாலும் போதும். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளை இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப் கலந்து மாலையில் தெளிக்கலாம். கத்தரியில் துளைப்பான் தாக்கி வாடிய குருத்துகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

காய்கறி விதைத் தொகுப்பு கொடுக்கும்போது எதை எந்த மாதம் விதைப்பது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரே பொட்டலமாகக் கொடுத்தால் ஒரே நாளில் விதைத்துவிடுவார்கள். அவ்வீட்டுக் கழிவுநீர் எத்தனை குடம் என்று கேட்டு, கோடையில் எத்தனை பாத்தி நிற்கும் என்பதை அவர்களோடு சேர்ந்து கணக்கிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் சுமப்பது பெண்கள்தான். அவர்கள் கூடுதலாக ஒரு குடம்கூடச் சுமக்காமல் நிற்கும் தோட்டமே அடுத்த ஆண்டும் இருக்கும்.