உங்களுக்குத் தெரியுமா? காட்டுக்குள் ஒரு கூடு

லின் யால்தாதி ஆம்ஸ்டர்டாமில் 1912இல் பிறந்த யூத நடனக் கலைஞர். யிட்டிஷ் மொழிப் பாடல்களும் பாடுவார். நெதர்லாந்து நாஜிகளின் பிடியில் இருந்தபோது தாமே தேடப்பட்டவர். ஆனாலும் 1943இல் தங்கை யானியுடனும் குடும்பத்தாருடனும் நார்டன் அருகே மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டுக்குக் குடிபோய், வேறு பல யூதர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார். ‘உயர்ந்த கூடு’ என்பது அந்த வீட்டின் பெயர். தரைப் பலகைகளுக்கு அடியிலும் சுவர்களுக்குப் பின்னாலும் ஆள் ஒளியும் பொந்துகள். இத்தனைக்கும் நடுவில் பாட்டும் பியானோவும் அங்கே நிற்கவில்லை என்பதுதான் நெஞ்சைத் தொடுகிறது. பியானோ வாசித்தவர் லின்னின் துணைவர் எபர்ஹார்ட் ரெப்லிங். நாஜிகளை வெறுத்த ஜெர்மானியர்.

1944 ஜூலையில் அவர்கள் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்கள். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போன கடைசி ரயிலில் சகோதரிகளோடு, நாட்குறிப்பால் பின்னாளில் உலகம் அறிந்த சிறுமி ஆன் பிராங்கின் குடும்பமும் இருந்தது. லின்னின் பெற்றோரும் தம்பியும் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். பிறகு கொண்டுசெல்லப்பட்ட பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் பிராங்கையும் அவள் அக்கா மார்கோவையும் கடைசி நாள்களில் பார்த்தவர்கள் இந்தச் சகோதரிகள். இரு மகள்களும் இறந்துவிட்டதை 1945இல் தந்தை ஓட்டோ பிராங்க் உறுதியாக அறிந்தது இவர்கள் மூலமாகத்தான்.

உயிர் பிழைத்த லின் மீண்டும் மேடை ஏறினார். பிறகு கிழக்கு ஜெர்மனியில் குடியேறி, 1988இல் மறையும்வரை யிட்டிஷ் பாடல்களின் குரலாக இருந்தார்.