'பத்தாயிரம் திரட்டினா சர்டிபிகேட்!' - இது இன்டர்ன்ஷிப்பா, வசூலா?

"அண்ணா, ஒரு சின்ன ஹெல்ப். இந்த லிங்க்ல 100 ரூபா போடுங்களேன். பசங்க சாப்பாட்டுக்கு. எனக்கும் டார்கெட் முடிஞ்சிரும்."

காலேஜ் படிக்கும் தம்பி, தங்கை யாராவது உங்கள் வாட்ஸ்அப்பில் இருந்தால் இப்படி ஒரு மெசேஜ் நிச்சயம் வந்திருக்கும். அதை நீங்களே அனுப்பியும் இருக்கலாம். நானும் அனுப்பியிருக்கேன். இரண்டாம் ஆண்டில், ஒரு மாத 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்'. வேலை என்னவென்றால், அவர்கள் கொடுத்த மெசேஜை அப்படியே எல்லாருக்கும் ஃபார்வேர்டு செய்வது. அவ்வளவுதான். சொந்தக்காரர்களிடம் கெஞ்சி 3,000 ரூபாய் சேர்த்தேன், பி.டி.எஃப். சர்டிபிகேட் வந்தது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தி கேட்டாங்க: "ஏம்ப்பா, நான் 500 ரூபா போட்டேனே, அது என்னாச்சு?"

பதில் தெரியவில்லை. அந்த அமைப்பு எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

நிதி திரட்டுவது கெட்ட வேலை இல்லை. தொண்டு நிறுவனங்களில் அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள். 'க்ரை' அமைப்பை 1979-ல் ரிப்பன் கபூர் என்ற விமான நிறுவன ஊழியர் நண்பர்கள் 6 பேருடன் ஆரம்பித்தபோது கையில் இருந்தது 50 ரூபாய். வாழ்த்து அட்டைகளை விற்று விற்றுத்தான் அது வளர்ந்தது. ஆக, இது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில். கேள்வி என்னன்னா, எங்கே, எப்படிக் கத்துக்கிறது?

சமூகப்பணி படிப்பில், அதாவது எம்.எஸ்.டபிள்யூ.வில் இதற்கு ஒரு நல்ல வழி ரொம்ப காலமாகவே இருக்கிறது. களப்பணி. வாரத்தில் பெரும்பாலும் இரண்டு நாள் வகுப்புக்குப் பதில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகணும். அங்கே வழிகாட்ட ஒருவர், கல்லூரியில் ஒரு பேராசிரியர், அறிக்கை எழுத ஒரு நோட்டு. நிதி திரட்டுவதையும் இதே மாதிரி, ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே அமைப்போடு இருந்து கற்றால், ஃபார்வேர்டு மெசேஜில் கிடைக்காத பல விஷயங்கள் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 30 குழந்தைகள் வரும் ஒரு மாலை நேர டியூஷன் மையத்தை எடுத்துக்கொள்வோம். முதல் நாளே "யார்கிட்ட கேட்கலாம்?" என்று போனைக் கையில் எடுக்கக் கூடாது. முதலில் கணக்கு நோட்டு. ஒரு குழந்தைக்குச் சுண்டல், டீ 12 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 360. மாதம் 22 நாளைக்கு 7,920. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, "ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்ற மெசேஜ் உங்களுக்கே சப்பென்று தெரியும். "உங்க பிறந்தநாள் அன்னிக்கு 30 பிள்ளைங்களோட சாயங்கால சுண்டல் செலவு 360 ரூபா, நீங்க ஏத்துக்கிறீங்களா?" என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு விஷயம் கண்ணில் தெரிகிறது.

சுண்டலுக்குப் பணம் வந்துவிடும். நிஜமான பாடம் அதற்குப் பிறகுதான். அந்த மையத்துக்கு வாடகை இருக்கு, கரன்ட் பில் இருக்கு, சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்குச் சம்பளம் இருக்கு. "வாடகைக்கு 500 ரூபா கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முகம் சுருங்கும். "நாங்க குழந்தைங்களுக்குத்தான் கொடுப்போம்" என்பார்கள். சுண்டலுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தை எடுத்து வாடகை கட்டவும் முடியாது, அது கொடுத்தவரை ஏமாற்றுவது. அதனால் தட்டில் சுண்டல் இருக்கும்போதே ஒரு மையம் மூடப்படலாம். அக்கா வேலையை விட்டுப் போனால் அந்த 30 பேரும் தெருவுக்குத்தான் திரும்புவார்கள். என்னைக் கேட்டால், சம்பளத்துக்கும் வாடகைக்கும் கூச்சப்படாமல் கேட்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். "360 ரூபாயில் பாதி சுண்டலுக்கு, பாதி சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கு" என்று முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டால், ஆச்சர்யம், நிறைய பேர் ஒத்துக்குவாங்க.

அடுத்தது போட்டோ. அழுக்குச் சட்டை, கலங்கிய கண், க்ளோஸ்-அப்... பணம் வரும்தான். ஆனா நாளைக்கு அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பு போகும்போது அவன் நண்பன் போனில் அதே போட்டோ இருக்கும். இல்லங்களில் பராமரிக்கப்படும் குழந்தைகள் விஷயத்தில் இது சட்டப் பிரச்னையும்கூட. சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, அவர்களின் பெயர், படம் என அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதற்குத் தடை போட்டிருக்கிறது. சுண்டல் பாத்திரத்தையோ, கணக்கு எழுதிய கரும்பலகையையோ படம் எடுங்கள். போதும்.

பெரிய தொகை வேண்டுமென்றால் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். கதவு. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் - இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால், அந்தக் கதவைத் தட்ட அமைப்புக்கும் பதிவு, தணிக்கை செய்த கணக்கு எல்லாம் வேண்டும். மாணவர் இங்கே உருப்படியாகச் செய்யக்கூடியது, அந்தக் கோப்பைத் தயார் செய்ய உதவுவது. போர் அடிக்கும் வேலைதான். வேலைக்குப் போகும்போது இதுதான் கைகொடுக்கும்.

பணம் போட்டவருக்கு என்ன திரும்பக் கிடைக்கணும் என்பதையும் தெரிஞ்சுக்கோங்க. முதலில் ரசீது. அமைப்புக்கு 80ஜி அங்கீகாரம் இருந்தால் வரிச்சலுகையும் உண்டு. ஆனால், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதைச் சொல்லாமல் "டாக்ஸ் மிச்சம் ஆகும் அங்கிள்" என்று அடித்துவிடாதீர்கள். அங்கிள் மார்ச் மாசம் ஆடிட்டரிடம் போய் நிற்பார்.

மாணவர்கள் அதிகம் சொதப்பும் இடம் ஏப்ரல். பரீட்சை வந்துவிடும், களப்பணி முடிந்துவிடும், நன்கொடை கொடுத்தவர்களின் நம்பர் எல்லாம் உங்க போன்லயே இருக்கும். யாருக்கும் நன்றி போகாது. அடுத்த வருஷம் வரும் ஜூனியர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடி கேட்பதுதான் புதியவரைத் தேடுவதைவிடச் சுலபம். அதனால் யார், எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார், என்ன சொல்லியிருக்கிறோம் என்ற பட்டியலை அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு, உங்க போனிலிருந்து அழித்துவிட்டு வாருங்கள்.

இனி அந்த 'இன்டர்ன்ஷிப்' மெசேஜ் வந்தால்? ஒருமுறை நேரில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பணம் யார் பெயரில் இருக்கும் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். தனிநபரின் ஜி-பே நம்பர் என்றால் அங்கேயே நிறுத்திடுங்க. அரசின் 'தர்பன்' தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடுங்கள். "டார்கெட் முடிக்கலைன்னா சர்டிபிகேட் கிடையாது" என்றால், அவர்களுக்கு வேண்டியது நீங்கள் இல்லை, உங்க கான்டாக்ட் லிஸ்ட்.

நான் அதற்குப் பிறகு நேரில் போய்ப் பார்த்த ஒரு மையத்துக்கு மறுபடி சித்தியிடம் கேட்டேன். "போன தடவை மாதிரியா?" என்று முதலில் முறைத்தார்கள். மாசக் கடைசியில் ரசீதையும், கடலை வாங்கிய மளிகைக் கடை பில்லையும் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "கடலை கிலோ இவ்ளோவா? நம்ம ஊர்ல கம்மி. நான் வாங்கி பஸ்ல போட்டு விடவா?"