கால் பெரிதா, அரைக்கால் பெரிதா?

1/4, 1/8 ஆகிய இரண்டில் பெரியது எது என்று தொடக்கப்பள்ளிக் குழந்தையிடம் வினவினால், 1/8 என்னும் விடை வருவதுண்டு. நான்கைவிட எட்டு பெரிது என்று முன்னரே கற்பிக்கப்பட்டிருக்கிறது. கற்ற விதியைக் குழந்தை பிசகாமல் பின்பற்றுகிறது. இதனை அறியாமை என்று கடிந்துகொள்ளும் வகுப்பறையில்தான் கணக்கின் மீதான அச்சம் வேர்கொள்கிறது. பள்ளிப் படிப்பு முடியும் வரையிலும் அது சிலரை விடுவதில்லை.

அதே குழந்தை மானாம்பதியின் மளிகைக் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்டு, கால்கிலோ பொட்டலம் கிடைத்தால் உடனே கண்டுகொள்ளும். அளவு அதற்குத் தெரிந்ததே. கோட்டுக்கு மேலும் கீழும் எழுதப்பட்ட எண்களே மிரட்டுகின்றன. ஆகவே, குறியீட்டிலிருந்து தொடங்காமல் வாயில் பழகிய சொல்லிலிருந்து தொடங்குவதே தக்கது. அதற்குத் தமிழில் வாய்ப்பு மிகுதி.

மூன்று கால்கள் சேர்ந்தது முக்கால். காலில் அரை, அரைக்கால், அதாவது 1/8. பெயரைச் சொல்லும்போதே அது காலைவிடச் சிறிது என்பது விளங்கிவிடுகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒன்றேகால், மூன்றேமுக்கால் என இடையில் ஏகாரம் வந்தால் கூட்டல். அரைக்கால் என ஏகாரமின்றி வந்தால் பெருக்கல். காலே அரைக்கால் என்பது 3/8 ஆகும். (ஒன்றரை, இரண்டரை என முழு எண்ணோடு சேரும் அரை மட்டும் இதற்கு விலக்கு.) எண்ணுப்பொருளில் வரும் ஏகாரத்தை இலக்கண வகுப்பில் பயிலும் மாணவர், அது கணக்கிலும் தொழிற்படுவதைக் காண்பது நன்று.

இச்சொற்கள் ஏட்டளவில் நின்றவை அல்ல. மானாம்பதிக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஊராட்சி வாரியத்திற்குத் தெரிவு செய்யப்படுபவர் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராதல் வேண்டும். வேதமும் பாடியமும் கற்றவராயின் அரைக்கால் வேலி போதும் என்று அவை வரையறுக்கின்றன. ஒரு வேலி 20 மா. எனவே முன்னது 5 மா, பின்னது இரண்டரை மா. கல்விக்காக நிலத் தகுதி பாதியாகிறது. அப்பாதியாக்கம் 'அரைக்கால்' என்னும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கல்வெட்டின் முன் மாணவரை நிறுத்தி இக்கணக்கைக் கேட்கலாம்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லிப் பின்ன வாய்பாடுகளை மனனம் செய்தனர். அம்முறையை அப்படியே மீட்க வேண்டுவதில்லை. அங்கே பிரம்பும் இருந்தது. 16 அணா ரூபாயாக இருந்தவரை, இரண்டணா அரைக்கால் ரூபாய். ஓர் அணா வீசம். 1957இல் தசம நாணயம் வந்தபின் இச்சொற்களின் வழக்குச் சுருங்கியது. அரையும் காலும் முக்காலும் நிலைத்தன.

சொல்லுக்குத் துணையாக ஒரு தாள் போதும். தாள் மடித்து வடிவியல் கற்பிக்கும் சுந்தரராவின் ஆங்கில நூல் 1893இல் சென்னையில் வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது. செலவில்லாத அம்முறை பின்னங்களுக்கும் பொருந்தும். தாளை ஒருமுறை மடித்தால் அரை, மறுமுறை மடித்தால் கால், மூன்றாம் முறை அரைக்கால். மடிப்பு கூடக்கூடப் பங்குகள் பெருகுகின்றன. ஒவ்வொரு பங்கும் சிறுத்துக்கொண்டே போகிறது. கீழே உள்ள எண் பெருகினால் பின்னம் ஏன் குறைகிறது என்பதை விரல்களே உணர்ந்துகொள்கின்றன. விதியை ஆசிரியர் அதன் பிறகு எழுதினால் போதும்.

கூட்டலிலும் இதே தாள் உதவும். 1/2 + 1/4 என்பதற்கு மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி 2/6 என எழுதும் குழந்தையைத் திருத்துவதற்கு விரைய வேண்டாம். 2/6 என்பது மூன்றில் ஒரு பங்கு. தாளில் பாதிக்கு வண்ணம் தீட்டி, மேலும் ஒரு காலுக்குத் தீட்டச் செய்து, சற்றுக் காத்திருக்கலாம். அரையோடு கால் சேர்ந்தபின் அரையைவிட எப்படிக் குறையும் என்று குழந்தையே கேட்கும்.