பச்சை தெரிந்தால் போதுமா? சுரங்க நிலம் தேறியதை அளப்பது எப்படி?

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1957-ல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி தொடங்கியது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். நிலக்கரி எடுத்த பள்ளத்தை அந்த மண்ணாலேயே நிரப்பி, சமன் செய்து, மரக்கன்று நடுகிறார்கள். ஆனால், வளமான மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து மேலே பரப்பாவிட்டால், ஆழத்தில் கிடந்த சத்தில்லாத மணலும் களியும்தான் மேலே வந்து நிற்கும்.

‘இத்தனை ஆயிரம் கன்றுகள் நட்டோம்’ என்ற கணக்கு, செய்த வேலையைச் சொல்லும். நிலம் தேறியதா என்பதைச் சொல்லாது. கார்த்திகை மழையில் எந்த மண்மேடும் பச்சையாகத்தான் இருக்கும். அந்த நிலம் நாளை மேய்ச்சலுக்கோ சாகுபடிக்கோ வந்தால், பலனோ நட்டமோ விவசாயிக்குத்தான். எனவே அளக்கும் முறையை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. நிலத்தில் இறங்கும் முன் நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுங்கள்.

ஒப்பிட ஒரு நிலம்

முதலில், பக்கத்தில் தோண்டப்படாத நிலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லா அளவையும் இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் 1977-ம் ஆண்டு சுரங்க நிலச் சட்டத்தின்படி, தாவரப் போர்வை நிர்ணயித்த அளவில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பு குறைந்தது 5 ஆண்டு. மழை குறைந்த பகுதிகளில் 10 ஆண்டு.

கன்றுகள்

10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கல் முறையில் சில கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். சாலையோரக் கட்டங்களை மட்டும் எடுத்தால் கணக்கு தவறும். 2 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஒரு கட்டத்தில் 25 கன்றுகள் இருக்கும். 17 உயிரோடு இருந்தால் 68 சதவீதம். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திய பிறகு வரும் கோடையில் எடுக்கும் கணக்கே நம்பகமானது.

தரைப் போர்வை

50 மீட்டர் நாடாவை விரித்து, ஒவ்வொரு அரை மீட்டரிலும் நேர் கீழே இருப்பது செடியா, சருகா, கல்லா, வெறும் மண்ணா எனக் குறியுங்கள். மொத்தம் 100 புள்ளிகள் என்பதால், கிடைக்கும் எண்ணே சதவீதம். தை மாதத்தில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் எடுங்கள். வெறும் மண் அதிகம் என்றால் அடுத்த மழையில் அரிப்பு உறுதி.

தானாக முளைத்தவை

நடாமலே முளைத்த வேம்பு, புல், பயறுவகைச் செடிகள் நல்ல அறிகுறி. எத்தனை வகை என்பதையும் எண்ணுங்கள். சீமைக் கருவேலம் மட்டுமே பரவியிருந்தால் அதை வெற்றியாகக் கொள்ள வேண்டாம்.

மண்

கனரக வாகனங்கள் ஓடிய மண் இறுகிப்போயிருக்கும். மழை நின்ற இரண்டாம் நாள் இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஒரு சாணிலேயே முட்டி நின்றால் வேரும் அங்கே திணறும். இருபுறமும் திறந்த தகர டப்பாவை மண்ணில் பதித்து, அளந்து தண்ணீர் ஊற்றி, வடியும் நேரத்தை இரண்டு நிலங்களிலும் ஒப்பிடுங்கள். ஓர் அடி ஆழக் குழியில் மண்புழுக்களையும் எண்ணுங்கள்.

ஆய்வகச் சோதனையில் ஓர் எச்சரிக்கை: அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் அதிகம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மண்ணில் நிலக்கரித் துகள் கலந்திருந்தால் இந்த எண் பொய்யாக உயரும். அது பயிருக்கு உதவும் மக்கு அல்ல. மாதிரி கொடுக்கும்போது ‘சுரங்க மண்’ என்று சொல்லிவிடுங்கள். கந்தகத் தாதுக்கள் காற்றுப்பட்டு மண்ணை மெல்ல அமிலமாக்கலாம் என்பதால், கார அமில நிலையை ஆண்டுதோறும் பாருங்கள்.

விளைச்சல்

சாகுபடிக்கான நிலம் என்றால் இறுதிச் சோதனை மகசூல்தான். மேலே சொன்ன அமெரிக்க விதிகள் நல்ல விளைநிலத்துக்கு, குறைந்தது 3 பயிர் ஆண்டுகளின் மகசூலைப் பார்க்கச் சொல்கின்றன. ஓராண்டு மகசூல் நல்ல மழையாலும் கூடுதல் உரத்தாலும் வந்திருக்கலாம்.

விரிவாக்கப் பணியாளர்கள், ஊர் விவசாயிகள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கள அளவுகளை எடுக்கலாம். ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே மாதத்தில் அளந்து ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். நிலத்தை ஏற்கும் முன் அந்த நோட்டைக் காட்டி, குறைகளைச் சரிசெய்யும்படி எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.